சுவான்சௌ: கல்யாண முருங்கை ஊருக்குப் போய் வந்தேன், கேள்வி இருந்தால் கேளுங்கள்

கடலோரத்தான்

முதலில் ஒன்று: இது குவாங்சௌ இல்லை. வியாபாரத்துக்கு நம்மவர்கள் போய்வரும் குவாங்சௌ வேறு, இது சுவான்சௌ. எனக்கு டிக்கெட் போட்டவரே இரண்டு தடவை குவாங்சௌவுக்குப் போட்டுவிட்டார். வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் வழிக்கு வந்தார். ஃபூஜியான் மாகாணத்தின் கடற்கரை, தைவானுக்கு நேர் எதிர்ப்பக்கம். ஷியாமென் விமான நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரப் பாடு.

மார்கோ போலோவும் இபன் பதூதாவும் இந்த ஊரைச் ‘சைத்தூன்’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பெயர் ஒரு மரத்திலிருந்து வந்தது. பத்தாம் நூற்றாண்டில் ஊரை ஆண்ட லியூ சோங்ஷியாவ், கோட்டைச் சுவரைச் சுற்றிலும் ‘த்ஸிதோங்’ என்ற முள்மரத்தை நட்டார். ‘த்ஸிதோங்’ அரபு வாயில் சைத்தூன் ஆகிவிட்டது. அது என்ன மரம் என்று பார்த்தால் நம் வேலியோரத்துக் கல்யாண முருங்கை! அடை தட்டுவோமே, அதே இலை. இன்றும் அதன் பூதான் அந்த ஊரின் பூ.

மேற்குத் தெருவில் தங்கினேன். எதிரே கையுவான் கோயில். 686-இல் தொடங்கிய பௌத்தக் கோயில். ஒரு பட்டுப் பண்ணைக்காரர் தன் முசுக்கட்டை மரத்தில் தாமரை பூத்தால் நிலம் தருகிறேன் என்றாராம். பூத்ததாம், கொடுத்தாராம். அந்த மரம் என்று சொல்லப்படுவது மின்னல் தாக்கிப் பிளந்தும் இன்னும் நிற்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு கல் கோபுரங்கள், 1228-இலிருந்து 1250 வரை எழுப்பியவை. கிழக்குக் கோபுரம் 48 மீட்டர், மேற்குக் கோபுரம் அதைவிடக் கொஞ்சம் குட்டை. 1604-இல் அந்தக் கடற்கரையையே குலுக்கிய பெரிய பூகம்பத்தில் இரண்டும் விழவில்லை. மேற்குக் கோபுரத்தில் வாளோடு ஒரு குரங்கு முக வீரன் இருக்கிறான். அவனைப் பார்த்து ‘அனுமார்’ என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர்கள் அவனைத் தங்கள் கதைக் குரங்கான சுன் வூகோங் என்கிறார்கள். ஆராய்ச்சியாளர்களிடமும் இந்த வழக்கு முடியவில்லை.

நான் போனது இதற்காக மட்டுமில்லை. பெரிய மண்டபத்தின் பின்பக்கம் போனால் இரண்டு தூண்கள். வட்டத்துக்குள் வட்டமாகச் சிற்பம். நரசிம்மர் மடியில் கிழிபடும் இரணியன், முதலை பிடித்த யானைக்கு வந்து நிற்கும் பெருமாள், ஆய்ச்சியர் சேலையைத் தூக்கிக்கொண்டு மரத்தில் உட்கார்ந்திருக்கும் கண்ணன். புத்தர் கோயிலின் முதுகுப் பக்கத்தில்! மண்டப மேடையின் அடிவரிசையில் சிங்கமும் மனிதத்தலைச் சிங்கமுமாக எழுபதுக்கும் மேல் கல் பலகைகள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. படங்கள் அப்புறம் போடுகிறேன்.

சும்மாவந்தேன்

அட்டகாசம் அண்ணா. குப்ளாய் கானுக்காகச் சீனாவில் தமிழன் கோயில் கட்டினான், அந்த ஊரே சோழர் கையில் இருந்தது என்று குடும்ப வாட்ஸப் குழுவில் வந்தது. நான்கூட நம்பவில்லை. அப்போ உண்மைதானா?

கல்வெட்டுப்பித்தன்

தம்பி, பாதி உண்மை. பாதி உண்மைதான் ஆபத்து.

1956-இல் அங்கே ஒரு கல் கிடைத்தது. மேலே தமிழ், கீழே ஒரு வரி சீனம். சகம் 1203, சித்திரை மாதம், சித்திரை நாள். ஆங்கில ஆண்டில் 1281 ஏப்ரல். சம்பந்தப்பெருமாள் என்கிற தவச்சக்கரவர்த்திகள், செகசை கானின் திருமேனி நலத்துக்காகத் திருக்கதலீச்சுரமுடைய நாயனார் என்ற சிவனை எழுந்தருளச் செய்தார், அதுவும் கானின் பர்மான்படி. செகசை கான் என்பது குப்ளாய் கான். பர்மான் என்பது பாரசீகச் சொல். மங்கோலியப் பேரரசர், அவர் கொடுத்த பாரசீகப் பெயருள்ள ஆணை, சீனத் துறைமுகம், சைவப் பெயர் வைத்த ஒருவர், தமிழ் எழுத்து. இவ்வளவும் ஒரே கல்லில். எனக்கு இதற்கு மேல் பெருமை தேவைப்படவில்லை.

ஊர் சோழர் கையில் இருந்தது என்பது கதை. 1281-இல் சோழர் ஆட்சியே அணைந்துகொண்டிருந்தது, தெற்கே மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலம். சோழர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனத்துக்குத் தூது அனுப்பினார்கள், அது சீனப் பதிவிலேயே இருக்கிறது. தூது வேறு, ஆட்சி வேறு. சுவான்சௌவில் நம்மவர்கள் வணிகர்களாக இருந்தார்கள். அரபியர், பாரசீகர், வியட்நாம் பக்கத்துச் சம்பா நாட்டார் எல்லோரும் இருந்ததைப் போல. 1087-இல் அப்போது சீனத்தை ஆண்ட சோங் அரசு அங்கே கடல்வணிக அலுவலகம் வைத்தது. வரும் சரக்குக்கு வரி, அரசுக்குப் பங்கு, மிச்சத்துக்கு விற்பனை அனுமதி. நம்மூர்க் கப்பல்காரனும் அதே வரிசையில்தான் நின்றிருப்பான்.

இன்னொன்று. அதே 1281-ஐ ஒட்டித்தான் குப்ளாய் கான் யாங் திங்பி என்ற தூதரைக் கொல்லத்துக்கும் மாபாருக்கும் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தார். மாபார் என்றால் நம் பாண்டிய நாட்டுக் கரை. தென்னிந்திய வணிகம் அவருக்கு வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் கோயிலுக்கு ஆணை கிடைத்ததில் எனக்கு வியப்பில்லை.

தாமரைக்குளம்

கல்வெட்டு ஐயா சொல்வதெல்லாம் சரி. ஆனால் இந்த இழை இப்போதே தூணைச் சுற்றியே ஓடப் பார்க்கிறது. ஒரு ஊருக்குப் போய் நம் கல்லை மட்டும் பார்த்துவிட்டு வந்தால், கல்யாண வீட்டுக்குப் போய் நம் செருப்பை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி. கடலோரத்தான், ஊர் எப்படி? திருவிழா பார்த்தீர்களா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கடலோரத்தான்

அக்கா, குட்டு சரியான இடத்தில் விழுந்தது. முதல் இரண்டு நாள் நானும் அப்படித்தான் திரிந்தேன். மூன்றாம் நாள்தான் கண் திறந்தது.

நான் போனது அவர்களுடைய முதல் மாதத்துப் பௌர்ணமிக்கு, அதாவது விளக்குத் திருவிழாவுக்கு. கன்பூசியஸ் கோயில் பக்கம் தெருவெல்லாம் விளக்கு. சுவான்சௌவுக்கென்று ஒரு விளக்கு வகை உண்டு. உள்ளே மூங்கிலோ கம்பியோ எதுவும் கிடையாது. தடித்த காகிதத்தை வெட்டி, ஊசியால் ஆயிரக்கணக்கில் துளை குத்தி, துண்டு துண்டாக ஒட்டி நிறுத்துகிறார்கள். அணைத்து வைத்தால் சாதாரணக் காகிதம். ஏற்றினால் துளை வழியே பூவும் கொடியும் கசிந்து வருகிறது. கல்யாணமான முதல் வருஷம் பெண் வீட்டிலிருந்து விளக்கு அனுப்ப வேண்டுமாம். அவர்கள் பேச்சில் விளக்கு என்ற சொல்லும் ஆண்பிள்ளை என்ற சொல்லும் ஏறக்குறைய ஒரே ஒலி. நம் தலைதீபாவளிச் சீர் நினைவுக்கு வந்தது. அங்கேயும் சம்பந்தி வீட்டார் சீரை எண்ணிப் பார்ப்பார்களா என்று கேட்க ஆசை, பாஷை தெரியவில்லை.

அன்றைக்குச் சாப்பிடுவது ஓர் இனிப்பு உருண்டை. வேர்க்கடலை, எள், சர்க்கரை சேர்த்துப் பூரணம். அதை நனைத்து, பசையரிசி மாவு கொட்டிய தட்டில் உருட்டிக்கொண்டே இருக்கிறார்கள். மாவு தானாக ஏறிப் பருக்கிறது. பிசைந்து மூடுவது கிடையாது. கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்து கை நோகும் நம் ஆட்கள் இதைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு திருவிழா நான் பார்க்கவில்லை, காணொளி காட்டினார்கள். ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள், ஆன்ஹாய் என்ற பக்கத்து ஊரில். தண்ணீருக்கு மேல் படுக்கையாக ஒரு கம்பம், மேலெல்லாம் எண்ணெய். நுனியில் கூண்டு, கூண்டில் வாத்து. வழுக்கிக்கொண்டே ஓடிக் கூண்டைத் தட்டினால் வாத்து தண்ணீரில் விழும், கூடவே நாமும் விழுவோம், நீந்திப் பிடித்தவனுக்கு வாத்து சொந்தம். வழுக்குமரத்தைச் சாய்த்துக் குளத்தில் போட்டால் எப்படி இருக்கும்? அதேதான்.

சாப்பாடு: சைவருக்குக் கோயிலை ஒட்டிய கடைகள்தான் கதி. ஊரே சிப்பி மேல் வாழ்கிறது. முட்டையில் சிப்பி, கஞ்சி மாதிரிக் குழைந்த மெல்லிய சேமியாவில் சிப்பி. கடற்புழுவை வேகவைத்துக் குளிரவைத்த ஒரு ஜெல்லியும் உண்டு. நான் தின்றேன். வீட்டில் சொல்லவில்லை.

சும்மாவந்தேன்

கடற்புழுவா!! அண்ணா நீங்கள் இனிமேல் எங்கள் வீட்டுப் பக்கம் வராதீர்கள்.

பினாங்குக்காரன்

நான் இங்கே வாசிப்பதோடு சரி, இதற்கு எழுதியே ஆக வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு ஹொக்கியன் சீனக் குடும்பத்தின் பூர்வீகம் சுவான்சௌதான். மலேசியா, சிங்கப்பூர் ஹொக்கியன்களில் பெரும்பகுதி அந்த ஊரிலிருந்தும் அதை அடுத்த ஜாங்சௌவிலிருந்தும் வந்தவர்கள். சீனப் புத்தாண்டு எட்டாம் நாள் ராத்திரி தெருவில் முழு முழுக் கரும்பை வாசலில் கட்டி, நடுநிசியில் வானத்து ராஜாவுக்குப் படையல் போடுவார்கள். படையெடுப்பு ஒன்றில் அவர்கள் முன்னோர் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து தப்பித்ததாகக் கதை. தைப்பொங்கல் கரும்பு தீர்ந்து கொஞ்ச நாளில் எங்கள் தெருவில் மறுபடியும் கரும்பு வந்துவிடும். சின்ன வயதில் இரண்டும் ஒரே பண்டிகை என்று நினைத்திருந்தேன்.

அப்புறம், தேயிலை. அந்தத் ‘தே’ ஹொக்கியன் பேச்சிலிருந்து கிளம்பியதுதான். சீனாவில் மற்ற பல இடங்களில் ‘சா’, அதுதான் நாம் குடிக்கும் சாயா. கப்பலில் ஏறியது ‘தே’, தரைவழியாகப் போனது பெரும்பாலும் ‘சா’. ஊலோங் தேநீர்ப் பிரியர்கள் சொல்லும் தியே குவான்யின் தேயிலை விளையும் ஆன்ஷி, சுவான்சௌ ஆளுகைக்கு உட்பட்ட மலைப்பகுதிதான்.

திருமலைக்கடல்

நான் திருகோணமலை. எங்கட அப்பா கடற்றொழில், அதனால் ஊர், கோயிலை விட எனக்குக் காற்றுதான் முக்கியம். கடலோரத்தான் அண்ணை, ஜியூரி மலைக்குப் போகவில்லையா? நான் 2019-இல் போனேன். அங்கே பாறையில் காற்றுக்கு வேண்டிக்கொண்ட கல்வெட்டுகள் பத்து இருக்கின்றன, 1174 முதல் 1266 வரை. வருஷத்துக்கு இரண்டு வேண்டுதல். வாடைக் காலத்தில் கப்பல்கள் தெற்கே இறங்க ஒன்று, தெற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பியதும் அவை வீடு திரும்ப ஒன்று. இதைச் செய்தவர்கள் பூசாரிகள் இல்லை, அரசாங்க அதிகாரிகள். கவர்னரும் கடல்வணிக அலுவலக மேலாளரும் மலையேறி, படையல் வைத்து, ஆர் ஆர் வந்தோம் என்று பாறையில் பெயரும் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். காற்று வராவிட்டால் வரி வராது!

அந்தக் காற்று எதைக் கொண்டுவந்தது என்று பார்க்க ஒரு கப்பலே இருக்கிறது. 1974-இல் ஹோச்சூ துறைமுகச் சேற்றிலிருந்து தோண்டி எடுத்தது. மிஞ்சிய உடல் 24 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், உள்ளே 13 தனித்தனி அறை. ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் மற்றவை மிதக்கும். சரக்கில் பெரும்பகுதி வாசனை மரம், கூடவே மிளகு, சாம்பிராணி வகை, சோழி. சோங் அரசின் கடைசி வருஷங்களில் மூழ்கியது. இப்போது கையுவான் கோயில் வளவுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். தூணைப் பார்த்த கண்ணோடு அதையும் பார்த்திருக்கலாமே அண்ணை.

எங்கட நாட்டுத் தொடர்பு ஒன்றும் உண்டு. மிங் அரசின் கடற்படைத் தளபதி செங் ஹே 1417-இல் சுவான்சௌவின் லிங்ஷான் குன்றில் இஸ்லாமியப் பெரியவர்களின் அடக்கத்தலத்தில் ஊதுபத்தி ஏற்றிப் பயணம் நன்றாக அமைய வேண்டியதை அங்கே ஒரு கல் சொல்கிறது. அதே ஆள்தான் எங்கட காலி நகரில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழியில் கல் நாட்டியவர். தமிழில் தெனவரை நாயனார் என்ற சாமியைப் போற்றி இருக்கும். கொழும்பு நூதனசாலையில் பார்க்கலாம்.

கடலோரத்தான்

கப்பலைப் பார்த்தேன் தம்பி, எழுத மறந்தேன். ஜியூரி மலை விட்டுப்போனது உண்மை. வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

பாலத்துக்குப் போனேன். லுவோயாங் பாலம். இது லுவோயாங் நகரில் இல்லை, ஆற்றின் பெயர். 1053-இல் தொடங்கி 1059-இல் முடித்தார்கள். அப்போதைய கவர்னர் சாய் ஷியாங், சீனம் முழுக்கப் பெயர்பெற்ற கையெழுத்துக் கலைஞரும்கூட. ஆறு கடலில் சேரும் இடம், அலை ஏறி இறங்கும், அடியில் சேறு. அங்கே தூண் எப்படி நிற்கும்? ஆற்றின் குறுக்கே நெடுகக் கல்லைக் கொட்டி ஒரு படுகை மாதிரி செய்து, அதன்மேல் படகு மூக்கு வடிவில் தூண் எழுப்பினார்கள். அப்புறம் அந்தக் கல்லில் சிப்பி வளர்த்தார்கள். சிப்பி தன் ஓட்டைக் கல்லோடு ஒட்டும் அல்லவா, கல்லையும் கல்லையும் அதுவே பூசிக் கட்டிவிட்டது. சிமெண்ட் சாப்பாட்டுக்கும் உதவும் என்பதால் பாலத்தடியில் சிப்பி எடுக்கத் தடையே போட வேண்டியிருந்தது. தண்ணீர் வற்றியிருந்த நேரம் குனிந்து பார்த்தேன், இன்றும் அடியெல்லாம் சிப்பி.

இன்னொரு பாலம் ஆன்பிங், 1138 முதல் 1151 வரை கட்டியது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல், கற்பலகைதான் தரை. நடக்க நடக்கத் தீரவில்லை.

கல்வெட்டுப்பித்தன்

இந்தக் கற்கள் ஏன் சிதறின என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சும்மாவந்தேன் தம்பி வேறு ஒரு வாட்ஸப் கதையோடு வந்துவிடுவார்.

1357 முதல் 1366 வரை சுவான்சௌவில் வெளிநாட்டார் படைப்பிரிவுகள் மங்கோலிய அரசுக்கு எதிராகக் கலகம் செய்து ஊரைப் பிடித்துக்கொண்டன. இஸ்பா கலகம் என்பார்கள். அடக்கியபோது பழிவாங்கல் கொடூரம். வெளிநாட்டார் எக்கச்சக்கமாகக் கொல்லப்பட்டார்கள், வழிபாட்டிடங்களும் கல்லறைகளும் இடிந்தன. அடுத்து வந்த மிங் அரசு தனியார் கடல் வணிகத்துக்கே தடை போட்டது. ஆற்று முகமும் மண் மேடிட்டது. துறைமுகம் படுத்துவிட்டது.

இடிந்த கல் வீணாகவில்லை. கோட்டைச் சுவரைப் பழுது பார்க்கப் போயிற்று. 20-ஆம் நூற்றாண்டில் அந்தச் சுவரை இடித்தபோது உள்ளேயிருந்து சிலுவைக் கல், அரபுக் கல்லறைக் கல், நம் சிவலிங்கச் சிற்பம் எல்லாம் வந்தன. வு வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர்தான் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து 1957-இல் புத்தகமாக வெளியிட்டார். அவர் இல்லாவிட்டால் பாதிக் கல் யாரோ வீட்டுப் படிக்கட்டாக இருந்திருக்கும். கடல்வணிக அருங்காட்சியகத்தில் லிங்கத்தை வணங்கும் யானையும் பால் சொரியும் பசுவும் இருக்கின்றன. திருவானைக்கா கதை தெரிந்தவனுக்கு விளக்கம் தேவையில்லை.

சும்மாவந்தேன்

அப்படியென்றால் நம் கோயிலை இடித்த கல்லை எடுத்துத்தானே புத்தர் கோயிலில் வைத்தார்கள்? அதைப் பார்த்து எப்படிச் சந்தோஷப்படுவது? எனக்கு ஏதோ மாதிரி இருக்கிறது.

தாமரைக்குளம்

அந்த ‘ஏதோ மாதிரி’ நியாயமானதுதான் தம்பி. ஆனால் இடித்தவர்களும் எடுத்து வைத்தவர்களும் ஒரே ஆட்கள் இல்லை. அந்த மண்டபத்தை மிங் காலத்தில் திரும்பக் கட்டும்போது யாரோ கிடந்த தூணைப் பார்த்து, அழகாக இருக்கிறது, சாமி உருவம் இருக்கிறது என்று நிறுத்தியிருக்கிறார்கள். சுக்கலாக உடைத்து அடித்தளத்தில் போட எவ்வளவு நேரம்?

கடலோரத்தான்

இதற்கு என்னிடம் வாதம் இல்லை, ஒரு காட்சி இருக்கிறது. ஜின்ஜியாங் பக்கம் ச்சிதியான் என்ற கிராமத்துக்கு ஒரு மத்தியானம் போனேன். தெருமுனையில் சின்னக் கோயில். உள்ளே நாலு கை அம்மன், காலடியில் அசுரன், இரு பக்கமும் தோழியர். நம் ஊர் உளிதான், சந்தேகமே இல்லை. அவர்களுக்கு அது குவான்யின், கருணைத் தெய்வம். ஒரு பாட்டி ஊதுபத்தி கொளுத்தி, ஆரஞ்சுப் பழம் வைத்து, என்னையும் கும்பிடச் சொன்னார். கும்பிட்டேன். காலடியில் அசுரன் இருக்கும் கருணைத் தெய்வம் ஏன் என்று அந்தப் பாட்டிக்குக் கேள்வி எழவில்லை, எனக்கும் அந்த நேரத்தில் எழவில்லை.

அந்த ஊரே இப்படித்தான். சாவ்-ஆன் என்ற இடத்தில் பாரசீகத்தில் தோன்றிய மானி சமயத்தை நிறுவிய மானியின் கற்சிலை, 1339-இல் செதுக்கியது, புத்தராகவே கும்பிடப்பட்டுப் பிழைத்திருக்கிறது. துமென் தெருவில் 1009-இல் கட்டிய பள்ளிவாசல், கூரை போய்ச் சுவர் நிற்கிறது. அதற்குக் கூப்பிடு தூரத்தில் போர்வீரர் குவான் யூவின் கோயில், கூட்டம் என்றால் சனிக்கிழமைப் பெருமாள் கோயில் கூட்டம். 2021-இல் யுனெஸ்கோ இந்த ஊரின் 22 இடங்களைச் சேர்த்து ஒரே உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. தனியாக ஒன்றைப் பிரித்தால் கதை புரியாது.

தாமரைக்குளம்

தலை நிறையப் பூச்சுற்றிய பெண்கள் படமாக வருகிறதே, அது அங்கேதானா?

கடலோரத்தான்

அங்கேதான், ஷுன்பூ மீனவக் கிராமம். கொண்டையைச் சுற்றி மொட்டும் பூவுமாக வளையம் வளையமாக வைக்கிறார்கள். பாட்டிமார் மீன் கூடை தூக்கும்போதும் அந்தப் பூ குறைவதில்லை. பழைய வீடுகளின் சுவரில் செங்கல்லுக்குப் பதில் பெரிய பெரிய சிப்பி ஓடு. ஆனால் இப்போது தெருவெங்கும் பூ வைத்துவிடும் கடை, வாடகை உடை, படம் பிடிப்பவர். வெளியூர்ப் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் சலிப்பாக இருந்தது. என் மனைவியும் பூ வைத்துக்கொண்டார், அதற்கப்புறம் சலிப்பைப் பற்றி வாய் திறக்கவில்லை. அமைதி வேண்டுமானால் கடல்தெய்வம் மாட்சுவின் கோயிலுக்குப் போங்கள், 1196-இல் தொடங்கியது. மூன்றாம் மாதம் 23-ஆம் நாள் அவள் பிறந்தநாள், அன்று மட்டும் அமைதி கிடைக்காது.

ராத்திரியில் நான்யின் என்ற அந்த ஊர்ப் பழைய இசையைக் கேளுங்கள். பிபா என்ற நரம்பு வாத்தியத்தை மடியில் படுக்கையாக வைத்து மீட்டுவார்கள், கூடவே புல்லாங்குழல், பாடுபவர் கையில் கட்டை. அவ்வளவு மெதுவாக ஓர் எழுத்தை இழுப்பார்கள், நம் விளம்ப காலமே ஓட்டம் மாதிரித் தெரியும்.

சும்மாவந்தேன்

சரி, நான் தோற்றேன். அடுத்த வருஷம் போகலாம் என்று இருக்கிறேன். எத்தனை நாள் வேண்டும், எப்போது போகலாம்? அந்தக் கல்யாண முருங்கை எப்போது பூக்கும்?

திருமலைக்கடல்

நாலு நாள் வை தம்பி. ஜியூரி மலையை விடாதே. சிங்யுவான் மலையில் பாறையிலேயே செதுக்கிய, தாவோ ஞானி லாவோட்சு தாத்தா இருக்கிறார், ஐந்தரை மீட்டர் உயரம், காதும் தாடியுமாகச் சிரித்தபடி. அவருக்கு அரை நாள்.

கடலோரத்தான்

பூ மார்ச், ஏப்ரலில். இலை உதிர்ந்த கிளையில் சிவப்பாக நிற்கும், அதே சித்திரையில்தான் அந்தக் கல்லையும் வைத்தார்கள். ஆனால் மே முதல் தேதிக்கு முன்னாலேயே கிளம்பிவிடு. அவர்களுக்கு அந்த வாரம் முழுக்க விடுமுறை, மேற்குத் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. டிக்கெட் போடும்போது ஊர்ப் பெயரை இரண்டு தடவை படித்துப் பார்.